கால்டுவெல் ஐயரின் ஊர்களில் ஒரு வாரயிறுதி

இடையன்குடிக்கு ரயில் கிடையாது. திருநெல்வேலியிலோ திருச்செந்தூரிலோ வள்ளியூரிலோ இறங்கித் திசையன்விளைக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். அங்கிருந்து நகரப் பேருந்து, இல்லாவிட்டால் ஆட்டோ. 1841ஆம் ஆண்டின் கடைசியில் மிஷனரி ராபர்ட் கால்டுவெல் இந்த ஊருக்கு வந்தபோது அதுவும் இல்லை. சென்னையில் புறப்பட்டவர் தஞ்சாவூர், திருச்சி, கோயம்புத்தூர், நீலகிரி, மதுரை என்று சுற்றிக்கொண்டு பெரும்பகுதி வழியை நடந்தே கடந்தார். ஊர்களையும் பேச்சையும் பழக வேண்டும் என்பதற்காகவே நடந்தார். அப்போது அவருக்கு வயது 27. அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோவில் படித்து, 1838 ஜனவரியில் சென்னையில் கரையிறங்கியவர், 1891இல் 77 வயதில் இறக்கும்வரை இந்த நாட்டிலேயே வாழ்ந்தார். நடுவில் சில முறை மட்டும் இங்கிலாந்துக்கு விடுப்பில் போய்வந்தார்.

கால்டுவெல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மெரினா சிலையும் அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும்தான். அந்த மனிதர் வாரநாட்களை எங்கே கழித்தார், ஓய்வு கிடைத்தபோது எங்கே போனார் என்பதை நேரில் பார்த்தால் அந்த நூலே வேறு மாதிரி விளங்கும். அவர் வேலை செய்த கிராமமும் அவர் தோண்டிப் பார்த்த பழைய துறைமுகங்களும் காரில் ஓரிரு மணி நேரத் தொலைவுக்குள்தான் இருக்கின்றன. ஒரு சனி, ஒரு ஞாயிறு போதும். சனிக்கிழமை தாமிரபரணிக் கரையோரமாகக் கிழக்கே, ஞாயிற்றுக்கிழமை இடையன்குடியும் கடற்கரையும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். இடையன்குடியை ஞாயிறு காலையில் பார்ப்பதுதான் முறை. காரணம் கீழே வருகிறது.

எப்போது போவது

மாசிக் கடைசியிலிருந்து பங்குனி நடுவரை எனக்குப் பிடித்த காலம். காலை வெயில் தாங்கும்படி இருக்கும், பதனியும் இறங்கத் தொடங்கியிருக்கும். சித்திரை, வைகாசியில் பதனியும் நுங்கும் தாராளம். ஆனால் பதினோரு மணிக்குமேல் தேரி என்னும் செம்மணல் மேடுகளில் கால் வைக்க முடியாது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் கண்ணைத் திறக்கவே சிரமப்படுவீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. திருச்செந்தூரில் தங்குவதாக இருந்தால் மாசித் திருவிழா, ஆவணித் திருவிழா, வைகாசி விசாகம், கந்தசஷ்டி நாட்களைக் காலண்டரில் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் அறையும் கிடைக்காது, சாலையும் நகராது.

வெள்ளி இரவு சென்னையில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் சனி காலை திருநெல்வேலியில் இறங்கலாம். இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரு காரை அமர்த்திக்கொள்வது நல்லது. பேருந்திலேயே முடிக்க முடியாதா என்றால் முடியும். ஆனால் கொற்கையையும் பழையகாயலையும் ஒரே நாளில் பார்ப்பது கடினம்.

சனிக்கிழமை: தாழிகளும் துறைமுகங்களும்

பாளையங்கோட்டையில் நெடுநேரம் நிற்க வேண்டாம். 1785இல் கிளாரிந்தா அம்மையார் கட்டிய சிறு கோயிலை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஊரில் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்பார்கள். தமிழ் வேதாகமத்தைத் திருத்தி அமைக்க ஹென்றி பவர் தலைமையில் 1858இல் கூடிய குழு பாளையங்கோட்டையில்தான் வேலையைத் தொடங்கியது. கால்டுவெல் அதில் ஓர் உறுப்பினர். கிராமத்தில் பள்ளிக்கூடக் கணக்கையும் கிணற்று வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தவர், இங்கே வந்து உட்கார்ந்து ஒவ்வொரு வசனமாக விவாதித்திருக்கிறார்.

திருச்செந்தூர் சாலையில் அடுத்த நிறுத்தம் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மானியர் யாகோர் இங்கே முதலில் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். இப்போது தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடி பதித்து, ஈமத்தாழிகள் கிடந்த கோலத்திலேயே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். 2023இல் திறந்த ஏற்பாடு இது. கால்டுவெலும் தென்னாட்டுத் தாழிகளைப் பற்றி 1877இல் ஒரு கட்டுரை எழுதினார். அதனால் கொற்கைக்குப் போவதற்கு முன் இங்கே கண்ணைப் பழக்கிக்கொள்வது உதவும். பிறகு வயல் வரப்பில் ஒரு வளைந்த ஓட்டுச் சில்லைப் பார்த்தாலும் அது எதன் விளிம்பு என்று யோசிப்பீர்கள்.

ஏரல் வழியாகக் கொற்கைக்கு வாருங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கோட்டை, மதில், பெரிய கோபுரம் என்று எதையும் எதிர்பார்த்து வராதீர்கள். வாழைத் தோட்டங்கள், குளம், குளத்துக்குள் வெற்றிவேல் அம்மன் கோயில், வயதான ஒரு வன்னி மரம், சில தெருக்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இருந்த இடம் இதுதான். கிரேக்க நூல்கள் கொல்கை என்று எழுதிய ஊரும் இதுவே. கடலோ இப்போது சில கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது.

கால்டுவெலுக்கு இந்த ஊர்மேல் தீராத ஈர்ப்பு இருந்தது. 1877 மார்ச்சில், 62 வயதில், கல்கத்தாவில் அவருக்குப் பேராயர் அபிஷேகம் நடந்தது. அதே ஆண்டில்தான் கொற்கையிலும் காயலிலும் தாம் தோண்டிக் கண்டவற்றை இந்தியன் ஆன்டிகுவரி இதழில் எழுதினார். பதவி உயர்ந்த அந்த வயதிலும் ஆட்களை வைத்து மண்ணைக் கிளறினார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் தனி மரியாதை வருகிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டும் வண்டலால் கரை கிழக்கே நகர்ந்துகொண்டே போனது, துறைமுகமும் கொற்கையை விட்டுக் காயலுக்கு இடம்பெயர்ந்தது என்று அவர் விளக்கினார். அந்த விளக்கத்தைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கொற்கைக் குளக்கரையில் நின்றுவிட்டு உடனே பழையகாயலுக்குப் போங்கள், அங்கிருந்து ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலுக்குப் போங்கள். ஒவ்வொரு ஊரிலும் மண்ணின் நிறத்தையும் காற்றின் ஈரத்தையும் கவனியுங்கள். வாழை குறைந்து உப்பளம் வந்து, பிறகு படகுகள் தெரியும்.

மார்க்கோ போலோ எழுதிய காயில் என்ற துறைமுகம் பழையகாயல்தான் என்று உறுதியாக வாதிட்டவர்களில் கால்டுவெல் முக்கியமானவர். மணலுக்குள் சீனப் பீங்கான் உடைசல்களை அவர் கண்டெடுத்தார். இன்றும் மழைக்குப் பின் சில்லுகள் வெளியே தெரியும் என்பார்கள். பார்க்கலாம், எடுக்கக் கூடாது. பிள்ளைகள் உடன் வந்தால் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். பையில் போட்டுக்கொண்டு வந்த சில்லு வீட்டில் வெறும் சில்லாகத்தான் இருக்கும். இருந்த இடத்தில் இருந்தால் நாளைக்கு ஓர் ஆய்வாளருக்குப் பயன்படும்.

புன்னைக்காயலில் இன்னொரு மூத்த மிஷனரியின் நினைவும் உண்டு. போர்ச்சுகல் நாட்டு அண்டிரிக் அடிகளார் இந்தக் கரையில்தான் ஐம்பதாண்டுக்குமேல் வாழ்ந்தார். 1586இல் அச்சான அவருடைய ‘அடியார் வரலாறு’ இந்த ஊரில்தான் அச்சிடப்பட்டது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அரைமணி நேரம் ஒதுக்குங்கள். மாலையில் மீன் ஏலம் நடந்தால் அதையும் நின்று பாருங்கள்.

இரவு தங்குவதற்குத் திருச்செந்தூர் வசதி. திசையன்விளையிலும் சின்ன விடுதிகள் இருக்கின்றன. அங்கே தங்கினால் காலையில் அரைமணித் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். இடையன்குடியில் விடுதி எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை: இடையன்குடி

விடியும்போதே கிளம்புங்கள். காலை ஆராதனைக்கு மணி அடிப்பதற்கு முன் ஊருக்குள் இருக்க வேண்டும். ஞாயிறன்று வரச் சொன்னதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பரிசுத்த திரித்துவ ஆலயம் தானாகவே திறந்திருக்கும். மற்ற நாட்களில் சாவிக்குக் கோயில்பிள்ளையைத் தேட வேண்டிவரும். இன்னொன்று, இது பார்வைக்காக வைக்கப்பட்ட கட்டடமல்ல, ஒரு சேகரத்தின் தலைக்கோயில். சபையார் நிறைந்து உட்கார்ந்து பாமாலை பாடும்போது பார்த்தால்தான் அந்த உயரமான வளைவுகள் எதற்காக என்று தெரியும். 1847இல் அடிக்கல் நாட்டி 1880 ஜூலை 6ஆம் நாள் பிரதிஷ்டை செய்தார்கள். முப்பத்துமூன்று ஆண்டுகள். பணம் வரும்போது கட்டி, வராதபோது நிறுத்தி, நடுவில் 1877 பஞ்சத்தையும் கடந்து எழுந்த கோயில் இது.

வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிடுங்கள். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாவிட்டால் கடைசி வரிசை போதும். ஆராதனை நடக்கும்போது படம் எடுக்காதீர்கள். முடிந்ததும் சேகர குருவானவரிடம் போய், “ஐயா, கால்டுவெல் ஐயர் கல்லறையைப் பாக்கலாமா?” என்று கேளுங்கள். பீடத்தருகே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்தவரின் உடலை மலையிலிருந்து இறக்கி இவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள். 1899இல் மறைந்த அவருடைய மனைவி எலைசாவும் இங்கேதான் அடக்கமானார்.

எலைசாவைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் ஊரைவிட்டுப் போகாதீர்கள். நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். நாகர்கோவிலிலேயே பிறந்து தமிழ் கேட்டு வளர்ந்தவர். 1844இல் கல்யாணமாகி இங்கே வந்ததும் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். தாயார் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுத்தந்த லேஸ் பின்னலை இவர் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பனையேறிகளின் வீட்டுப் பெண்கள் சொந்தமாகக் காசு சம்பாதிக்க அது வழிசெய்தது. கால்டுவெலின் பேச்சுத் தமிழ் நன்கு பழகியதற்கு இந்த அம்மாளும் ஒரு காரணம். நம் புத்தகங்கள் அவரை ஒரு வரியில் தாண்டிப் போவது சரியில்லை என்பது என் எண்ணம்.

கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கால்டுவெல் வாழ்ந்த வீடு. தமிழக அரசு அதைப் புதுப்பித்து 2011 பிப்ரவரி 17 அன்று நினைவில்லமாகத் திறந்தது. பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். காவலாளி பக்கத்தில்தான் இருப்பார். உள்ளே பார்ப்பதற்கு நிறைய இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அறைகளின் அளவைக் கவனியுங்கள். பிறகு வெளியே வந்து தெருக்களை நடந்து பாருங்கள். நிலம் வாங்கி, தெருக்களை நேராக வகுத்து, கிணறு தோண்டி, மரம் நட்டு அவர் திருத்தி அமைத்த ஊர் இது. தேரிக்கு அருகே இருக்கும் மற்ற ஊர்களின் வளைந்த சந்துகளைப் பார்த்துவிட்டு வந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

அவருடைய வாரநாள் இப்படிப்பட்டது: ஜெபம், பள்ளிக்கூடம், சுற்றுவட்டாரத்துச் சபைகளிலிருந்து வரும் உபதேசிமாரின் விவரங்கள், வாய்க்கால் தகராறு, காய்ச்சல்காரர்கள். அதற்கு நடுவில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, இன்னும் எழுத்தில்லாத மலைமொழிகள்வரை ஒப்பிட்டுக் குறிப்பெடுத்தார். ஒப்பிலக்கணத்தின் முதல் பதிப்பு 1856இல் லண்டனில் வந்தது. விடுப்பில் போயிருந்த காலத்தில்தான் அச்சுக்கு முடித்தார். 1875இல் வந்த இரண்டாம் பதிப்பும் அப்படியே. மலையாளத்துக்கு ஹெர்மன் குண்டர்ட் போன்றவர்களின் உதவியும் இருந்தது. ஆனாலும் அடிப்படை வேலை இந்தச் செம்மண் ஊரில், பனையேறிகள் காலையும் மாலையும் மரம் ஏறி இறங்கும் சத்தத்துக்கு நடுவில் நடந்தது.

மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று

1849இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் எழுதினார். தம்மை நம்பி வந்த மக்களையே அதில் தாழ்த்தி எழுதியிருந்தார். அந்தச் சமூகத்தில் படித்தவர்கள் பெருகியபோது, 1880களில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த வலி இன்னும் சில குடும்பங்களில் பேச்சாக இருக்கிறது. ஊரில் யாரேனும் அவரைக் குறைசொன்னால் வாதாடாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கிணறு தோண்டியதும் உண்மை, அந்த நூலை எழுதியதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பயணம் முழுதாகக் கிடைக்கும்.

இதில் ஆர்வம் உள்ளவர்கள் திரும்பும்போது நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரத்துக்கும் போகலாம். வெள்ளைக்கார குருமாரோடு முரண்பட்டு வெளியேறிய அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் தனிச் சபை தொடங்கிய ஊர் அது. மிஷனரிகளின் புகழை மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அந்த ஊர் மறுபக்கத்தைச் சொல்லும்.

தேரியும் கடலும்

இடையன்குடியிலிருந்து குட்டம் பக்கம் திரும்பினால் செக்கச்செவேலென்று மணல்மேடுகள். இரும்புத் துரு படிந்த மணல். மேற்கே மலையிடைவெளி வழியாக வரும் காற்று காலங்காலமாகக் குவித்தது. பனை, உடை, கொல்லாமா தவிர அதிகம் ஒன்றும் வளராது. மேட்டின்மேல் ஏறுவதற்குப் பத்து மணிக்கு முன் போய்விடுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். வந்த தடத்திலேயே திரும்புங்கள், ஒரு மேட்டைத் தாண்டினால் திசை குழம்பிவிடும்.

சாலையோரத்தில் விடிலி தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். ஓலைக் கூரைக்குக் கீழே பதனி காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றிக்கொண்டிருப்பார்கள். “அண்ணாச்சி, பதனி இருக்கா?” என்று கேட்டால் ஓலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கிய பதனியைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும். பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் மதியத்துக்குள் புளித்துப்போகும். காய்ச்சுகிற அம்மாவிடம் அடுப்பைப் படம் பிடிக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மழை இல்லாத மாதங்களில் மட்டும் கிடைக்கும் வருமானம் இது. பேரம் பேசாதீர்கள்.

கடற்கரைக்கு உவரி அல்லது மணப்பாடு. உவரியில் அந்தோணியார் திருத்தலமும், கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலும், சுயம்புலிங்க சுவாமி கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன, கூட்டமும் அதிகம். ஒன்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் மணப்பாட்டைச் சொல்வேன். கடலுக்குள் நீண்ட மணல்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோயில், அதன் கீழே பாறையில் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542இல். கால்டுவெலுக்கு மூன்று நூற்றாண்டு முந்தியவர். செப்டம்பர் 14ஆம் தேதியை ஒட்டித் திருவிழா. அந்த நாட்களில் வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டியிருக்கும்.

வாங்கிக்கொண்டு போக

மணப்பாட்டிலிருந்து உடன்குடி பக்கம்தான். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதற்குப் பிறகு பெயரைச் சொல்லி விற்கும் கடைகளும் கூடிவிட்டன. ஒரு வட்டை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனி பளபளத்தால் வேண்டாம். சுக்கும் மிளகும் போட்ட சில்லுக்கருப்பட்டி கிடைத்தால் வாங்குங்கள், மாதக்கணக்கில் வைத்திருக்கலாம்.

திருநெல்வேலிக்குத் திரும்பும் வழியைச் சாத்தான்குளம் பக்கமாக வைத்துக்கொண்டு முதலூரைத் தொடுங்கள். டேவிட் சுந்தரானந்தம் என்ற தமிழ் உபதேசியாரின் முயற்சியால், அடிபட்டு விரட்டப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக 1799இல் உருவான குடியிருப்பு அது. கால்டுவெல் பிறப்பதற்கு முன்பே இந்தத் தேரிக்காட்டில் சபையைக் கட்டியவர்கள் தமிழர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள இந்த ஊர் உதவும். உயரமான மிக்கேல் ஆலயக் கோபுரத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வீர்கள். தேங்காய்ப் பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வாவுக்கு முதலூர் பெயர்போனது. திருநெல்வேலி அல்வாவைவிட மிருதுவாக இருக்கும், நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் வாசம். சில நாள் கெடாமல் இருக்கும் என்பதால் ரயில் பயணத்துக்கும் ஏற்றது.

கொடைக்கானலை இந்த வாரயிறுதியில் சேர்க்க நினைக்காதீர்கள். கால்டுவெல் வெயில் காலத்தைக் கழித்ததும் கடைசி மூச்சை விட்டதும் அங்கேதான் என்றாலும், மலை ஏறி இறங்கவே ஒரு நாள் போய்விடும். அதற்குத் தனியாக ஒரு விடுமுறை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு ரயிலுக்குத் திரும்புகிறவர்கள் மாலை நாலரைக்குள் முதலூரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். சாத்தான்குளம் கடைத்தெருவிலும் பாளையங்கோட்டை நுழைவிலும் அந்நேரத்தில் நெரிசல் இருக்கும். சாப்பாட்டை ஜங்ஷனுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.